சாது என்று பேர் எடுத்தவர்

வீட்டு வாசலுக்கு வந்ததும் அவர் செருப்பைக் கழற்றமாட்டார். முதலில் நிற்பார். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொள்வார். நாடி பார்க்கிற பிடி இல்லை. திருடனைப் பிடித்து வைத்திருக்கிற பிடி. கட்டைவிரல் மேலே, மற்ற நாலும் கீழே. அப்படியே கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிடிபட்ட கை கொஞ்ச நேரம் துள்ளும், பிறகு அடங்கும். அடங்கியதும் மெதுவாக விட்டுப் பார்ப்பார். விட்ட பிறகும் அது சும்மா இருந்தால்தான் செருப்பைக் கழற்றுவார். இல்லையென்றால் மறுபடியும் பிடி.

உள்ளே அடுப்படியில் இருக்கிற மனைவிக்கு அவர் படியேறி வருகிற சத்தம் கேட்கும். பிறகு ஒன்றுமே கேட்காது. அந்த ஒன்றும் கேட்காத நேரம்தான் அவளுக்கு அன்றைய நாளிலேயே நீளமான நேரம். கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் மகள் பென்சிலைத் தாளிலிருந்து தூக்கிக்கொள்வாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் இரண்டு பேர். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது ஒரே ஆளுக்குப் பயந்துதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு கதையை யாராவது சொல்லியிருந்தால் தெருவே சிரித்திருக்கும். ஏனென்றால் அவருக்குப் பேரே சாது.

பள்ளிக்கூடத்தில் வைத்த பேர் அது. பின்பெஞ்சுப் பையன் ஒருவன் இவர் சட்டை முதுகில் மையைக் கொட்டியிருக்கிறான். இவர் திரும்பிப் பார்த்து, "மை தீந்துபோச்சா? என்கிட்ட இருக்கு, வேணுமா?" என்று கேட்டாராம். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். வாத்தியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவன் சாதுடா, இவனை விட்டுருங்க" என்றார். அன்றிலிருந்து அதுதான் பேர். கல்யாணம் பேசும்போதுகூட, பெண் வீட்டார் பையனின் அப்பாவைப் பற்றிக் காதில் விழுந்ததை இழுத்தபோது, தரகர் ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டார்: "ஊர் அவரை எப்படிக் கூப்பிடுதுன்னு போய்க் கேட்டுட்டு வாங்க."

அப்பாவைப் பற்றிக் காதில் விழுந்ததெல்லாம் உண்மைதான். அவர் பேட்டரிப் பட்டறையில் உலைச்சட்டி பக்கத்தில் வேலை பார்த்தவர். வீட்டுக்கு வருகிற நேரம் நெருங்கினால் அம்மா பாத்திரங்களைப் பிரித்து வைப்பாள்; உடையக்கூடியவை ஒரு பக்கம், ஓங்கக்கூடியவை கண்ணுக்குத் தெரியாத இடத்தில். எதற்குக் கோபம் வரும் என்று யாருக்கும் தெரியாது. கதவு கிறீச்சிட்டால் வரும், கிறீச்சிடாமல் எண்ணெய் போட்டு வைத்தால், எதற்கு எண்ணெய் போட்டாய் என்று வரும்.

பிள்ளை பார்த்துக்கொண்டே வளர்ந்தார். பார்த்துக்கொண்டே தன்னைச் செய்துகொண்டார். அப்பா குதிகால் அதிர நடப்பார்; இவர் முன்பாதத்தில் நடந்தார். அப்பா டீயை ஒரே மடக்கில் குடிப்பார். இவர் ஆற்றி ஆற்றிக் குடித்தார். அப்பா பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இவர் பேசினால் எதிரில் இருப்பவர் குனிந்து கேட்க வேண்டும். அப்பாவை எதிரே நிறுத்தி, அவரிடம் இல்லாததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக் கட்டிய ஆள் இவர். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பிறவிக் குணம் மாதிரித் தெரிந்தது. அவருக்கு மட்டும்தான் தெரியும், அதற்கு அஸ்திவாரம் எங்கே இருக்கிறது என்று. அந்த எதிர் ஆள் ஒருநாள் இந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டால் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இருக்காது.

ரொம்ப காலம் நோட்டு, பேனா விற்கிற கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கடையை மூடிவிட்டார்கள். வேலை தேடி அலைந்து செருப்புத் தேய்ந்த நேரத்தில், பட்டறை முதலாளி வீடு தேடி வந்தார்.

"உங்கப்பா இருந்த இடம் காலியாத்தான் கிடக்கு. நீங்க கடைக்குப் போயிட்டிருந்தீங்கன்னு ரெண்டு மூணு பேரை வச்சுப் பாத்தேன், ஒருத்தனும் தங்கல. மகன் இருக்கும்போது வெளிய ஆள் தேடறது முறையில்லன்னு தோணுச்சு."

அந்தப் பட்டறையில் அது ஒரு வழக்கம். ஒருவர் போனால் அவர் இடம் முதலில் அவர் பிள்ளைக்கு. மரியாதைக்காகத்தான் வந்து கேட்டார். இவரும் மரியாதைக்காகத்தான் சரி என்றார்.

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஒரு முனையில் பழைய பேட்டரிகளைச் சுத்தியலால் பிளந்து தகடுகளை உருவி எடுப்பார்கள். அந்த வேலை பார்ப்பவருக்கு ரேடியோ என்று பேர். வாய் மூடாது. அப்பா காலத்திலிருந்தே அங்கே இருப்பவர். உருவிய தகடுகள் உலைச்சட்டிக்கு வரும். சட்டியில் ஈயம் உருகி, மேலே கசடு ஆடை கட்டும். அதை வழித்துப் போட்டுவிட்டு அச்சில் ஊற்ற வேண்டும். அதுதான் சாதுவின் வேலை. வழித்த கசடு ஆறினால் சாம்பலாக உதிரும். சுவர், விட்டம், காலண்டர், இமை முடி எல்லாவற்றிலும் அந்தச் சாம்பல் நிறம்தான். தூரத்திலிருந்து பார்த்தால் கொட்டகையும் அதற்குள் நடமாடுகிறவர்களும் ஒரே துணியில் தைத்த மாதிரி இருப்பார்கள்.

மதியச் சாப்பாட்டு டப்பாக்களை உலைச்சட்டியின் விளிம்பில் வரிசையாக வைத்துச் சூடு பண்ணிக்கொள்வது அவர்கள் கண்டுபிடித்த சௌகரியம். மாலையில் முதலாளி கணக்கில் ஆளுக்கு ஒரு கிளாஸ் பால் வரும். பால் குடித்தால் தொண்டையில் இருக்கிற தூசியெல்லாம் கீழே இறங்கிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். இறங்கிப் போய் எங்கே சேரும் என்று யாரும் கேட்கவில்லை. சாம்பல் படிந்த விரல்களால் கிளாஸைப் பிடித்து, சட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து குடித்தார்கள்.

"நல்லா குடி தம்பி" என்பார் ரேடியோ. "முதலாளி நமக்கு வெள்ளையா குடுக்கிறது இது ஒண்ணுதான்."

சில மாதங்களில் வயிறு முறுக்க ஆரம்பித்தது. நாக்கில் எந்நேரமும் ஒரு இரும்புச் சாவியை வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி ருசி. தூக்கம் விட்டுப்போனது. தெரிந்தவர்களின் முகம் ஞாபகம் இருக்கும், யார் என்று வாயில் வராது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார். அப்படி ஒன்றும் வயசாகவில்லை.

பிறகு அந்த மாலை. அம்மா வந்திருந்தாள், அவள் அடுத்த தெருவில் இவருடைய தங்கை வீட்டில் இருப்பவள். மகள் மேஜையில் உட்கார்ந்து கண்ணாடி கிளாஸில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தாள். கரண்டி கிளாஸில் பட்டுப் பட்டுச் சத்தம் வந்தது. டிங், டிங், டிங். அதைத் தவிர அந்த அறையில் எதுவுமே தப்பாக இல்லை. அடுத்த கணம் கிளாஸ் எதிர்ச் சுவரில் சிதறியது. யாரோ பயங்கரமாகக் கத்தினார்கள். கத்தி முடித்த பிறகுதான் அது தன் தொண்டை என்று அவருக்குத் தெரிந்தது.

மனைவி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். அடுப்படி வாசலில் நின்றிருந்த அம்மாவின் கை தானாகப் போய் மேடையிலிருந்த இரும்புக் கரண்டியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தது. அப்பா செத்துப் பல வருஷமாகியும் அந்தக் கை எதையும் மறக்கவில்லை. கோபமோ அழுகையோ இல்லாமல், வாசலில் யாரோ வந்திருப்பதைச் சொல்கிற குரலில் அவள் சொன்னாள்:

"வந்துட்டாரு."

அதற்குப் பிறகு வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மனைவியின் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ள, ஆம்பளைக்கு ஆம்பள கேக்கறேன். வெளிய ஏதாவது பழக்கம் இருக்கா?"

"டீ தவிர ஒண்ணும் இல்ல மச்சான்."

"நான் அந்தப் பழக்கத்தைக் கேக்கல."

"எனக்கு வீட்டுக்கு வர்ற வழியே மறந்துபோகுது. இன்னொரு வீட்டு வழிய எங்க ஞாபகம் வச்சுக்கறது?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சிரிக்கவில்லை. தங்கச்சி பக்கம் திரும்பி, "உன் மாமனாரைப் பத்தி அன்னைக்கே விசாரிச்சேன். நீதான் பேரைப் பாத்து மயங்கிட்ட" என்றார்.

"பேரைப் பாத்து இல்லண்ணே. பத்து வருஷமா ஆளைப் பாத்துட்டுத்தான் சொல்றேன். இது அவரு இல்ல."

மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா, "நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள். "முதல் ரெண்டு வருஷம்."

அதுதான் எல்லோருக்கும் வசதியான காரணமாகப் போய்விட்டது. அப்பன் குணம். உரித்து வைத்தாற்போல வந்திருக்கிறது. இவ்வளவு நாள் உள்ளே படுத்திருந்தது, இப்போது எழுந்திருக்கிறது. இதைச் சொன்னபோது தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. சாது என்று கூப்பிட்டவர்களே, "நான் அப்பவே நெனச்சேன், ரொம்ப அமைதியா இருக்கிறவனை நம்பக்கூடாது" என்றார்கள். ஒருவர்கூட அவர் எங்கே வேலைக்குப் போகிறார், எப்போதிலிருந்து போகிறார் என்று யோசிக்கவில்லை. காரணம் கையில் இருக்கும்போது எதற்குத் தேட வேண்டும்?

அவரும் தேடவில்லை. அதைவிட மோசமாக, சேகரிக்க ஆரம்பித்தார். சவரம் செய்யும்போது கண்ணாடியில் தெரிந்த தாடை அப்பாவுடையது. இருமல் அப்பாவுடையது. ஒருநாள் நடக்கும்போது தன் குதிகால் சத்தம் காதில் விழுந்து நின்றுவிட்டார். கால் தளர்ந்துபோனதால் பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் நடை மாறியிருந்தது. அவர் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். பழைய ஞாபகங்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மறுபடி பார்த்தார். அன்று வகுப்பில் மை கொட்டியவனை ஏன் அடிக்கவில்லை? நல்லவன் என்பதாலா? பயந்தாங்கொள்ளி என்பதாலா? இல்லை, ஒரு அடி அடித்துவிட்டால் நிறுத்த முடியாது என்று அந்த வயதிலேயே தெரிந்திருந்ததா? மூன்றாவதுதான் சரி என்று முடிவு செய்துகொண்டார். அப்படி முடிவு செய்ததும் நாற்பது வருஷ வாழ்க்கை முழுவதும் கதவைத் தோளால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த கதையாக மாறிவிட்டது. கதவுக்குப் பின்னால் யார் என்பதில் அவருக்கு இனிமேல் சந்தேகம் இல்லை.

அந்தக் காலத்தில்தான் வாசலில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பழக்கம் வந்தது. கை நடுங்கியது நிஜம். எதையோ அடிக்கத் துடிப்பதால் நடுங்குகிறது என்று அவராக நினைத்துக்கொண்டார்.

வீட்டை விட்டுப் போவது என்று அவர் தீர்மானித்தது ஒரு சின்ன விஷயத்தால். ஒருநாள் சோற்றில் கல் கடிபட்டது. தட்டைத் தள்ளினார். மனைவி ஏதோ சொன்னாள், அவர் எழுந்தார், குரல் ஏறத் தொடங்கியது. அப்போது மகள் எழுந்து போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். ஓடவில்லை, அழவில்லை. மழை வரும்போது சாத்துகிற மாதிரி, கொக்கியைச் சரிபார்த்துச் சாத்தினாள்.

அவருக்குக் குரல் நின்றுவிட்டது.

"எதுக்குக் குட்டி சாத்தற?"

"வெளிய கேக்கும்ல."

"அம்மா சொன்னாங்களா?"

"இல்லப்பா. நானேதான்."

அவளுக்கு எட்டு வயது. முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது, வீட்டு வேலை ஒன்றைக் கற்றுக்கொண்ட பெருமை.

மறுநாள் ஒரு பாயையும் இரண்டு சட்டையையும் பையில் வைத்தார். மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"கோபம் வந்தா ஒரு நடை வெளிய போயிட்டு வாங்க. அதுக்காக வீட்டையே விட்டுப் போவாங்களா யாராவது?"

"எப்ப வரும்னு எனக்கே தெரியல. அடிச்சதுக்கப்புறம் நடந்து என்ன பிரயோஜனம்?"

"நீங்க இன்னும் ஒருத்தரையும் அடிக்கல."

"இன்னும்" என்றார் அவர். அந்த ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

போக வேறு இடம் இல்லை. பட்டறைக்குத்தான் போனார். முதலாளிக்குச் சந்தோஷம், சம்பளமில்லாமல் ஒரு காவல்காரர் கிடைத்தார். ரேடியோதான் பையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி பையைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கியே தம்பி, இங்க விருந்தெல்லாம் கிடையாது" என்றார்.

உலைச்சட்டிக்கு மேலே ஒரு பரண் இருந்தது. பழைய அச்சுகளை ஒதுக்கிவிட்டுப் பாயை விரித்துக்கொண்டார். வேலை முடிந்த பிறகும் சட்டியின் சூடு மெல்ல மேலே வந்துகொண்டிருக்கும். குளிருக்கு இதமாக இருந்தது. காலையில் எழுந்தால் பாயில் அவர் படுத்திருந்த இடம் மட்டும் பச்சையாகவும் சுற்றிலும் சாம்பலாகவும் இருக்கும். ஒரு ஆளை வரைந்துவிட்டு, அந்த ஆளை எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி.

அங்கே போனதும் கோபம் அதிகமானது. அச்சு ஒட்டிக்கொண்டால் அச்சைத் தூக்கி எறிவார். கதவுப் பூட்டு சிக்கிக்கொண்டால் பூட்டைத் திட்டுவார், பூட்டின் பரம்பரையைத் திட்டுவார். பக்கத்தில் மனைவி இல்லை, குழந்தை இல்லை, கிளாஸில் கரண்டி தட்டுகிற சத்தம் இல்லை. யாருமே இல்லாத இடத்திலும் கோபம் வருகிறதென்றால், அது தனக்குள்ளேயே ஊறுகிறது என்றுதானே அர்த்தம்? வீட்டை விட்டு வந்தது எவ்வளவு சரி என்பதற்கு அவருக்கு நாள்தோறும் அத்தாட்சி கிடைத்துக்கொண்டிருந்தது.

மனைவி சில மாலைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு கேட் வரைக்கும் வருவாள். அவர் வெளியே வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசுவார். மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கைச் சொல்வாள். "எப்பப்பா வருவீங்க?" என்பாள். "சரியானதும் வர்றேன்" என்பார். சரியாவது என்றால் என்ன என்று இருவரில் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் காலை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சட்டி பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். ரேடியோவும் இன்னொருவரும் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு இளவயது டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார். நீட்டிய கை மணிக்கட்டில் மடங்கித் தொங்கியது. உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கருநீலக் கோடு.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

இரண்டு வருஷத்தில் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா மனைவியையும் உட்கார வைத்துச் சொன்னார். உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது. கொஞ்சநஞ்சமில்லை. வயிற்று வலி அதனால், கை தொங்குவது அதனால், மறதி அதனால். மூளையையும் நரம்பையும் அது பிடிக்கும். திடீர் திடீரென்று கோபம் வருவதும் அதனால்தான் இருக்கும்.

"கோபமுமா?" என்றாள் மனைவி.

"ஆமாம்மா. சாந்தமான ஆளுங்களே மாறிடுவாங்க. இதுக்கு முன்னாடி இவரு எப்படி?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சாதும்மா" என்றாள். "பேரே அதுதான்."

"மருந்து தர்றேன். ஆனா அந்த வேலைக்குத் திரும்பப் போகக் கூடாது. அங்க சாப்பிடவோ படுக்கவோ கூடவே கூடாது. கூட வேலை பாக்கறவங்களையும் வரச் சொல்லுங்க." மாமனார் இருந்த இடம்தான் அது என்று மனைவி சொன்னதும் சாதாரணமாகக் கேட்டார், "உங்கப்பாவும் அதே வேலையா? அப்ப அவருக்கும் இருந்திருக்கும்."

அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மனைவி அழுததும் சிரித்ததும் முதுகுப் பக்கம் கேட்டது. அவருக்கும் முதலில் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியதுதான். ஆனால் இறங்கிய கல் வேறெங்கோ போய் விழுந்தது. அப்பா வெறும் நோயாளியா? அப்படியென்றால் இத்தனை காலம் யாரை எதிரே நிறுத்தித் தன்னைச் செய்துகொண்டார்? சட்டிக்குப் போவதற்கு முன் அப்பா எப்படி இருந்தார் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். அப்படி ஒரு அப்பாவே ஞாபகத்தில் இல்லை. இவர் பிறக்கும்போதே அப்பா சட்டி பக்கத்தில்தான் இருந்தார்.

பார்க்க வந்த அம்மாவிடம் மனைவி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டாள். கேட்கிற நேரமெல்லாம் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குக் கல்யாணமான புதுசுல மாமா எப்படி இருந்தாரு அத்தை? நல்லாத்தானே இருந்தாரு?"

"புதுசுல எல்லாருந்தான் நல்லா இருப்பாங்க."

"டாக்டரம்மா சொல்றாங்களே."

"ஈயமாம் ஈயம்." அம்மா தோலைக் கீழே வைத்தாள். "முப்பது வருஷம் நான் வாங்கினதெல்லாம் ஈயம் அடிச்சதா? அப்ப நான் யாரைத் திட்டறது, சட்டியவா? அந்த ரேடியோக்காரனும் அதே தூசியத்தான் திங்கறான். உங்க மாமா காலத்துலேருந்து திங்கறான். அவன் பொண்டாட்டி மேல ஒரு விரல் பட்டிருக்குமா? எங்க பாத்தாலும் இளிச்சுக்கிட்டுத் திரியறான். தூசி எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆள்தான் வேற வேற."

பேசி முடித்துவிட்டு மகனுக்கு ஒரு சுளையை நீட்டினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கோபத்தை வைத்திருக்க அவளுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டால் அந்த முப்பது வருஷத்தில் அவளுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

ஆனால் அவள் சொன்னது அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மருந்தில் வயிறு தேறியது, தூக்கம் வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மனைவி வீட்டைக் கழுவி வைத்திருந்தாள். வேறொரு நோட்டுக்கடைக்காரரிடம் வேலைக்கும் சொல்லி வைத்திருந்தாள். அவர் மட்டும், "ஒரே ஒருத்தர்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு வந்துடறேன்" என்று பட்டறைக்குப் போனார்.

விஷயம் தெரிந்த முதலாளி எல்லோருக்கும் துணி முகமூடி வாங்கிக் கொடுத்திருந்தார். பாலை இரண்டு கிளாஸ் ஆக்கியிருந்தார். ரேடியோ முகமூடியைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு பேட்டரியைப் பிளந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க போய் டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தீங்களா?"

"எனக்கு ஊசின்னா ஆகாது தம்பி. கொசுவையே கிட்ட விடமாட்டேன்."

"அண்ணே, விளையாட்டில்லாம ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்கு இந்த மாதிரி கோபம் வருமா? காரணமே இல்லாம? கை தன்னால ஓங்கற மாதிரி?"

சுத்தியல் ஒரு அடி தப்பி விழுந்தது. ரேடியோ தகட்டைத் திருப்பி வைத்துக்கொண்டார். அவர் முகம் முழுக்கச் சாம்பல். அதில் பல் மட்டும் தெரிந்தது.

"கோபமா? அதெல்லாம் உன்னை மாதிரி பெரிய மனுசங்களுக்கு. நம்ம வீட்டுல கோபப்படணும்னா முதல்ல பொண்டாட்டிகிட்ட மனு போடணும். அவ கையெழுத்துப் போட்டுக் குடுக்கறதுக்குள்ள கோபம் போயிடும்."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். சாதுவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவருக்குள் கணக்கு முடிந்துவிட்டது. அதே கொட்டகை, அதே சாம்பல், அதே சட்டியில் சூடு பண்ணின சோறு, தன்னைவிட எத்தனையோ வருஷம் கூடுதல். இந்த மனுஷருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் ஈயம் வெறும் சாவிதான். திறந்துகொண்ட அறை தன்னுடையது. மருந்து சாவியை எடுத்துவிடும். அறை அங்கேயேதான் இருக்கும்.

கூடவே வந்து பட்டறை வாசலில் காத்திருந்த மனைவியிடம் வந்து சொன்னார்: "நீ போ. குட்டியைப் பாத்துக்க."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க, நீங்க என்ன சொல்றீங்க? இங்க இருந்தா செத்துப்போயிடுவீங்க."

"இங்க இருந்தா நான் மட்டுந்தான்."

அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. மருந்து வேலை செய்திருந்ததால் அவர் அப்போது பழைய சாதுவாகவே இருந்தார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், சட்டையிலிருந்து பிரித்து எடுத்தார்.

திரும்பவும் பரணில் படுத்தார், திரும்பவும் சட்டியில் நின்றார். கை இன்னும் தொங்கியது. அகப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினார். அந்த வருஷத்து மழைக்காலம் முடிவதற்குள், ஒருநாள் காலை ரேடியோ வந்து கதவைத் தட்டியபோது உள்ளேயிருந்து யாரும் வந்து திறக்கவில்லை. வலிப்பு வந்திருக்கிறது என்றார்கள். தெருவில் அதற்கும் ஒரு காரணம் சொன்னார்கள்: அப்பனும் இப்படித்தான் போனான்.

பிணத்தைத் தூக்கிய அன்று ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். நண்பனை இழந்த துக்கம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

மறு வருஷம் ரேடியோவும் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கேள்விப்பட்டு, சாதுவின் மனைவி பார்க்கப் போனாள். சின்ன வீடு. அவர் படுத்திருந்த அறையின் கதவில் கனமான ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அது கதவின் வெளிப்பக்கத்தில் இருந்தது. அதைச் சுற்றி மரத்தில் பெயிண்டே இல்லை. தேய்ந்து பளபளவென்று இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு ரேடியோவின் மனைவி சொன்னாள்:

"அவரே போட்டதுதான். பட்டறையிலேருந்து வந்ததும் உள்ள போய் உக்காந்துக்குவாரு. நான் வெளிய தாழ்ப்பாள் போட்டுடணும். தட்டினாலும் கத்தினாலும் தொறக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. விடிஞ்சு தொறந்துவிட்டா சிரிச்சுக்கிட்டே வேலைக்குப் போயிடுவாரு."

"எவ்வளவு காலமா?"

"பெரியவனுக்கு அப்ப நாலு வயசு, இப்ப அவனுக்கே புள்ள இருக்கு. அவனை ஒரு அடிதான் அடிச்சாரு. ஒரு காது போயிடுச்சு. அதுக்கு மறுநாள் கடைக்குப் போய் இதை வாங்கிட்டு வந்தாரு."